குஞ்சு இறக்கும் முன்: பிராய்லரா, வனராஜாவா, சிறுவிடையா?

ஊரில் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது, கோழி வளர்க்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ரகம் சீக்கிரம் வளரும்?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்வது சுலபம்: பிராய்லர். 35 முதல் 40 நாளில் இரண்டு கிலோவைத் தொடும் கோழி வேறு கிடையாது. ஆனால் பணம் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் கோழியைத் தலைமுறை தலைமுறையாக எதற்காகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள்? அந்தத் தேர்வு எந்தத் தீவனத்தில், எந்தக் கொட்டகையில் நடந்தது? இதற்கு விடை தெரிந்தால், நம் இடத்தில் அந்தக் கோழி எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். கோழி மரபியலில் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சி நமக்கு நேரடியாக உதவும் இடம் இதுதான்.

முதலில் ஹார்மோன் ஊசிப் பேச்சை முடித்துவிடுவோம். பிராய்லர் இவ்வளவு வேகமாக வளர்வதற்கு ஊசிதான் காரணம் என்று டீக்கடை முதல் குடும்ப வாட்ஸ்அப் குழு வரை எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இதற்கு நேரான பதில் கிடைத்திருக்கிறது. 1957-இல் இருந்த இறைச்சிக்கோழியை, அதன் பிறகு எந்தத் தேர்வும் செய்யாமல் அப்படியே பெருக்கிப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1978-இன் கோழியையும் அதேபோல வைத்திருந்தார்கள். இந்த இரண்டோடு 2005-இன் ராஸ் 308 ரகத்தையும் சேர்த்து, ஒரே தீவனம் போட்டு, ஒரே மாதிரி வளர்த்துப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வெளியானது. 56-ஆம் நாளில் 1957-இன் கோழி 905 கிராம், 1978-இன் கோழி 1,808 கிராம், 2005-இன் கோழி 4,202 கிராம். தீவனமும் பராமரிப்பும் ஒன்றே என்னும்போது நாலு மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாடு முழுக்க முழுக்க மரபில் இருந்து வந்தது. ஒரு கிலோ எடை ஏறத் தேவைப்படும் தீவனமும் இதே காலத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. கோழிப்பண்ணைகளில் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக் மருந்துகளைத்தான். கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019-இல் இந்திய அரசு தடை போட்டதற்குக் காரணம் இருக்கிறது. இல்லாத ஹார்மோன் ஊசியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தால் அந்தக் கவலை பின்னால் போய்விடும்.

பிராய்லரின் ரத்தத்தில் ஒரு பங்கு நம் நாட்டிலிருந்து போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1948-இல் 'நாளைய கோழி' என்ற பெயரில் தேசிய அளவில் ஒரு போட்டி நடந்தது. பெரிய நெஞ்சுக்கறி கொண்ட கோழியை உருவாக்குகிறவர்களுக்குப் பரிசு. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சார்ல்ஸ் வான்ட்ரஸ் என்பவர் கார்னிஷ் சேவலையும் நியூ ஹாம்ப்ஷயர் பெட்டையையும் சேர்த்து உருவாக்கிய கோழி அதில் வென்றது. அந்தக் கார்னிஷ், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நம் நாட்டு அசீல் சண்டைக்கோழியின் ரத்தம் கலந்து உருவானது. அங்கே அதற்கு முதலில் இருந்த பெயரே 'இந்தியன் கேம்' என்பதுதான். நம் ஊர்ப் பெரிய நாட்டுக்கோழியான பெருவிடைச் சேவலின் விரிந்த நெஞ்சைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

சரி, தேர்வு செய்யும்போது கோழிக்குள் மாறுவது எது? எலும்பும் தசையும் என்றுதான் தோன்றும். வர்ஜீனியாவில் பால் சீகல் என்ற ஆராய்ச்சியாளர் 1957-இல் தொடங்கிய சோதனை வேறு விடை தருகிறது. வெள்ளை பிளைமவுத் ராக் கோழிகளை எடுத்து, எட்டாவது வாரத்து எடையை மட்டும் பார்த்து இரண்டு வழிகளாகப் பிரித்தார். ஒரு வழியில் எடை கூடியவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்கு விட்டார். இன்னொன்றில் எடை குறைந்தவற்றை. நாற்பது, ஐம்பது தலைமுறைகள் கடந்தபோது இரண்டு வழிகளுக்கும் எடை வேறுபாடு பத்து மடங்கை ஒட்டிப் போய்விட்டது. கனத்த வழிக் கோழி இரையைக் கண்டால் நிறுத்தத் தெரியாமல் தின்கிறது. எட்டு வாரத்துக்குப் பிறகு அளந்து போடாவிட்டால் கொழுத்து நோயில் விழுகிறது. மெலிந்த வழியில், தீவனம் முன்னாலேயே இருந்தும் தின்னாமல் செத்துப்போகும் குஞ்சுகள் உண்டு. மூளையில் 'போதும்' என்று சொல்லும் பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார்கள். மெலிந்த வழிக் கோழி கொழுக்கத் தொடங்கியது. கனத்த வழிக் கோழியிடம் மாற்றமே இல்லை. அந்தப் பகுதி வேலை செய்யாததைப் போலத்தான் அது ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தது. எடைக்காகத் தேர்ந்தெடுத்தவர்கள், தங்களுக்கே தெரியாமல், பசியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இதற்கு ஒற்றை மரபணு ஒன்றும் அகப்படவில்லை. சிறிது சிறிதாக வேலை செய்யும் பல மரபணுக்கள் ஒன்றையொன்று தூக்கிவிட்டுக் கூட்டாகச் செய்த வேலை அது.

சீகல் குழுவின் இன்னொரு சோதனையில் நோய் எதிர்ப்பொருளை வைத்துத் தேர்வு நடந்தது. செம்மறியாட்டு ரத்த அணுக்களை உடலில் செலுத்தி, எதிர்ப்பொருள் அதிகம் சுரக்கும் கோழிகளை ஒரு வழியாகவும் குறைவாகச் சுரப்பவற்றை இன்னொரு வழியாகவும் பெருக்கினார்கள். அதிகம் சுரந்த வழியின் உடல் எடை குறைந்துபோனது. தின்ற தீனி எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போதாது. ஒரு பக்கம் கூட்டினால் இன்னொரு பக்கம் குறையும். இந்த இரண்டு சோதனைகளையும் மனதில் வைத்துக்கொண்டு நம் மூன்று தேர்வுகளுக்கு வருவோம்: பிராய்லர், நம் ஊர்ச் சிறிய நாட்டுக்கோழியான சிறுவிடை, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வனராஜா போன்ற ரகங்கள்.

பிராய்லர்

ஒப்பந்தப் பண்ணை எப்படி நடக்கிறது என்பது பல்லடம், உடுமலைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும். கொட்டகை, கரண்ட், தண்ணீர், தேங்காய்நார்க் கழிவு, ஆள் எல்லாம் நம்முடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. மூன்றில் கணக்கு மிகத் தெளிவாக இருப்பது இதில்தான். எத்தனை நாள், எவ்வளவு தீவனம், எத்தனை கிலோ என்று காகிதத்தில் எழுதிவிடலாம். இரண்டு கிலோக் கோழிக்குச் சுமார் மூன்றேகால் கிலோ தீவனம் போகும்.

இந்தக் குறைந்த தீவனத்தின் ரகசியம் நாட்களில் இருக்கிறது. ஒரு கோழி வளர்ந்தாலும் வளராவிட்டாலும் மூச்சு விட, உடல் சூட்டைக் காக்க, நடக்க என்று தினமும் ஒரு பங்கு தீனி செலவாகும். அது வாடகை மாதிரி. இருக்கும் நாளுக்கெல்லாம் கட்ட வேண்டும். பிராய்லர் 38 நாள் கட்டிவிட்டுப் போய்விடுகிறது. நாட்டுக்கோழி ஐந்து மாதம் கட்டுகிறது.

ஆனால் வேகமாக எரியும் உடல் சூட்டையும் அதிகம் கக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடல் வெப்பம் சாதாரணமாகவே 41 டிகிரியை ஒட்டி இருக்கும். ஏப்ரல், மே மாதத்துப் பிற்பகலில் வாயைத் திறந்து மூச்சு வாங்குவதுதான் அதற்கு இருக்கும் முக்கிய வழி. விற்பனைக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, இருப்பதிலேயே கனத்த கோழிகள்தான் முதலில் சாகும். காலை பத்து மணிக்குத் தீவனத் தட்டைத் தூக்கிவிட்டு மாலை நாலு மணிக்கு மேல் இறக்கும் வழக்கம் சும்மா வரவில்லை. செரிமானமே சூடு உண்டாக்கும் வேலை. தசையின் வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்க முடியாமல் வயிற்றில் நீர் கோர்த்துச் சாவதும், கால் தாங்காமல் உட்கார்ந்துவிடுவதும், நெஞ்சுக்கறியில் வெள்ளை வரி விழுவதும் இதே வேகத்தின் பின்விளைவுகள்.

குஞ்சு இறங்கிய மறுநாள் அனுபவசாலிகள் ஒரு காரியம் செய்வார்கள். கொட்டகையின் நாலு மூலையில் இருந்தும் குஞ்சுகளை எடுத்து, கழுத்தடியில் இரைப்பையை விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பார்கள். மெத்தென்று உருண்டையாக இருந்தால் தீனியும் தண்ணீரும் சேர்ந்து போயிருக்கிறது. கெட்டியாக இருந்தால் தின்றிருக்கிறது, குடிக்கவில்லை. காலியாகக் கிடந்தால் அந்த மூலையில் சூடோ வெளிச்சமோ சரியில்லை. அந்த முதல் நாளில் விட்டதை அடுத்த ஐந்து வாரத்தில் பிடிக்க முடியாது. பிராய்லர் வளர்ப்பது என்றால் இந்த அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்க ஒரு ஆள் எப்போதும் வேண்டும். ஆள் இல்லை, கரண்ட் நம்பிக்கையில்லை, கொட்டகை உயரம் போதாது என்றால் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பத்துப் பதினைந்து பிராய்லரை வாங்கி வந்து வீட்டுப் பின்னால் மேயவிட்டு முட்டைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வர்ஜீனியாவின் கனத்த வழிக் கோழியை நினைத்துக்கொள்ளுங்கள். பிராய்லரின் தாய்க்கோழிகளுக்கே பண்ணையில் தீவனம் அளந்துதான் போடுகிறார்கள். வயிறார விட்டால் அவை முட்டை வைக்கும் நிலையில் இருக்காது.

சிறுவிடை

சிறுவிடையை எந்தப் பல்கலைக்கழகமும் உருவாக்கவில்லை. பருந்திடமும் கீரியிடமும் தப்பியது எது, அடையில் எழுந்திருக்காமல் உட்கார்ந்தது எது, குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயத் தெரிந்தது எது என்று நம் வீட்டுப் பெண்கள் பல நூறு ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்ட கோழி அது. அதுவும் தேர்வு இனப்பெருக்கம்தான். தேர்ந்தெடுத்த குணம் மட்டும் வேறு.

அதனால்தான் சிறுவிடையை நாலு சுவருக்குள் அடைத்து, கடைத் தீவனம் போட்டு வளர்க்கும் திட்டங்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதன் பலம் முழுவதையும் பூட்டிவைத்துவிட்டு, அதனிடம் இல்லாத ஒன்றைக் கேட்கிறோம். அடைத்து வைத்தால் ஒரு கிலோ எடைக்கு நாலு கிலோவுக்கு மேல் தீவனம் கேட்கும். கூடவே ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். மேய விட்டால் அதே கோழிக்குத் தீவனச் செலவு ஏறக்குறைய இல்லை.

எங்கள் தெருவில் கோழி வளர்க்கும் ஒரு அத்தையிடம் கேட்டேன்: "என்ன தீனி போடுறீங்க, அத்தை?"

"தீனியா? காலையில ஒரு கை கம்பு. சாயங்காலம் அடைய வர்றப்ப ஒரு கை. மிச்சத்த அதுகளே பாத்துக்கும், தம்பி."

அந்த மிச்சத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை, மட்டை எல்லாம் திணித்து லேசாகத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்துவிடுவார். விடிந்ததும் எடுத்து உதறினால் பானை நிறைய கரையான். குஞ்சுகள் பாய்ந்து வந்து பொறுக்கும். முதல் சில வாரங்களில் குஞ்சுக்குத் தேவைப்படுவது புரதம். கம்பும் அரிசி நொய்யும் அதைப் போதுமான அளவு தராது. கடையில் சோயாப் புண்ணாக்காக வாங்க வேண்டியதை அந்தப் பானை கொடுத்துவிடுகிறது.

பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்ததும் சிறுவிடை அடையில் உட்கார்ந்துவிடும். புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடும்போது முட்டை நின்று அடைகாக்கும் குணம் வருகிறது. ஆண்டு முழுக்க முட்டை வேண்டும் என்பவர்களுக்கு இது நஷ்டம். நாமக்கல் முட்டைக்கோழி ஆண்டுக்கு 300-க்கு மேல் முட்டை வைப்பதற்கு, அடைகாக்கும் குணத்தை அதன் முன்னோரிடமிருந்தே தேர்வு மூலம் நீக்கியது ஒரு முக்கியக் காரணம். ஆனால் இன்குபேட்டர் இல்லாத வீட்டில் அடைகாக்கும் பெட்டைதான் பொரிப்பகம், பல்பு, காவல் எல்லாம்.

வாடிக்கையாளர் பக்கம் ஒரு வார்த்தை. மஞ்சள் தோல் இருந்தால் நாட்டுக்கோழி என்று நம்பி வாங்குகிறார்கள். தீயில் வாட்டி மஞ்சள் தடவிக் கொடுக்கும் பழக்கத்தால் வந்த நம்பிக்கை அது. தோலின் இயற்கையான மஞ்சளுக்கு ஒரு மரபணு மாற்றம் காரணம். தீனியில் இருக்கும் மஞ்சள் நிறமியை உடைக்கும் நொதி தோலில் குறைவாக வேலை செய்வதால் நிறமி அங்கே தங்கிவிடுகிறது. இந்த மாற்றம் எல்லா வீட்டுக் கோழிகளுக்கும் முன்னோரான சிவப்புக் காட்டுக்கோழியிடம் இருந்து வரவில்லை என்று ஸ்வீடனின் உப்சலா பல்கலைக்கழகக் குழுவினர் 2008-இல் கண்டுபிடித்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் கூவிக்கொண்டிருக்கும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடம் இருந்து வந்திருக்கிறது. உலகெங்கும் மஞ்சள் கால் கொண்ட பண்ணைக் கோழிகள் இந்த மலைக்கோழியின் சொத்தைத்தான் சுமக்கின்றன. ஆகவே தோல் நிறத்தை வைத்து நாட்டுக்கோழியா, பண்ணைக்கோழியா என்று பிரிக்க முடியாது.

நிறத்தைச் சொன்னதால் கடக்நாத் பற்றியும் கேட்பீர்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி. 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. கறி, எலும்பு வரை கறுப்பாவதற்குக் காரணம் ஈடிஎன்3 என்ற மரபணு இருக்கும் பகுதி இரட்டித்திருப்பது. நிறமி அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி உடலெங்கும் பரவுகின்றன. வளர்ச்சி மெதுவானது. கறுப்புக்கு விலை கொடுக்கும் வாடிக்கையாளரை முதலில் கண்டுபிடித்த பிறகு குஞ்சு வாங்குங்கள். அதற்கு முன்பு வேண்டாம்.

வனராஜா, கிராமப்ரியா, நந்தனம்

இவை பிராய்லருக்கும் சிறுவிடைக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று திட்டமிட்டே உருவாக்கியவை. வனராஜாவும் கிராமப்ரியாவும் ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்ககத்தின் வெளியீடுகள். நந்தனம் ரகங்கள் நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வெளியீடு. கிராமத்துச் சூழலில், கொஞ்சம் தீவனமும் கொஞ்சம் மேய்ச்சலுமாக வளரும் என்று நினைத்துத் தேர்வு செய்தவை. வனராஜா கறிக்கும் முட்டைக்கும் பொதுவானது. புறக்கடையில் ஆண்டுக்கு நூறு, நூற்றுப்பத்து முட்டை வரும். கிராமப்ரியா முட்டைப் பக்கம் சாய்ந்தது. 160 முதல் 180 வரை கிடைக்கும். சிறுவிடையோடு ஒப்பிட்டால் இது பெரிய ஏற்றம்.

இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஒன்று, முதல் ஆறு வாரம் இவற்றுக்குத் தாய் கிடையாது. பல்பு போட்டுச் சூடு கொடுத்து, புரதம் கூடிய குஞ்சுத் தீவனம் கொடுத்து வளர்த்த பிறகுதான் வெளியே விட வேண்டும். இரண்டாவது, வனராஜாவும் கிராமப்ரியாவும் வெவ்வேறு வழிகளைச் சேர்த்து உருவாக்கிய கலப்புகள். வீட்டிலேயே சேவலும் பெட்டையும் விட்டுக் குஞ்சு பொரித்தால், அடுத்த தலைமுறையில் மரபணுக்கள் பிரிந்து, ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் ஒன்று முட்டைக்கு ஆகாமலும் சிதறிவிடும். அடைகாக்கும் குணமும் குறைவு. ஆக ஒவ்வொரு முறையும் அரசுப் பண்ணையிலோ கால்நடைப் பல்கலைக்கழக மையத்திலோ குஞ்சுக்குப் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். பக்கத்தில் அப்படி ஒரு மையம் இருக்கிறதா என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

வெயில் கொளுத்தும் மாவட்டங்களில் இருப்பவர்கள், கழுத்தில் முடியில்லாத கோழியையும் கேட்டுப் பார்க்கலாம். அந்த மரபணு ஒன்று இருந்தாலே உடல் முழுக்க இறகு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இரு பெற்றோரிடம் இருந்தும் வந்திருந்தால் ஐந்தில் இரண்டு பங்கு. இறகு குறைந்தால் உடல் சூடு சுலபமாக வெளியேறும். இறகு வளர்க்கப் போகும் புரதமும் மிச்சம்.

எனக்குப் படுவது

நல்ல கொட்டகை, தடையில்லாத கரண்ட், நாள் முழுக்க ஒரு ஆள், பக்கத்தில் நாணயமான கம்பெனி என்று நாலும் இருந்தால் பிராய்லர். நாலில் ஒன்று குறைந்தாலும் அந்தக் கோழியின் உடல் அதைப் பொறுத்துக்கொள்ளாது. பொறுத்துக்கொள்ளும்படி யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டு பேர் கொண்ட குடும்பம், இருபது முப்பது கோழி, வாரச்சந்தையில் முட்டை விற்க முடியும் என்றால் கிராமப்ரியாவோ நந்தனமோ. கறியும் முட்டையும் வீட்டுக்கு வேண்டும் என்றால் வனராஜா. மேய்ச்சலுக்குத் தோப்போ வயலோ இருந்து, கையில் பணம் குறைவாகவும் பொறுமை நிறையவும் இருந்தால் தயங்காமல் சிறுவிடை. நான் பணம் போடுவதாக இருந்தால் இந்தக் கடைசியில்தான் போடுவேன். தீவன விலை ஏறும்போதெல்லாம் முதலில் அடிவாங்குவது தீவனத்தை முழுக்க நம்பியிருக்கும் கோழிதான்.

"60 நாளில் ஒன்றரைக் கிலோ வரும் ஒரிஜினல் நாட்டுக்கோழிக் குஞ்சு" என்று விளம்பரம் வந்தால் ஒதுங்கிவிடுங்கள். அந்த வேகத்தில் வளர்வது சிறுவிடையாக இருக்காது. எந்த ரகமானாலும் வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாவது நாள் கண்ணில் சொட்டு மருந்தும் எட்டாவது வாரம் ஊசியும் தவறக் கூடாது. நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்று விட்டுவிடுகிற வீடுகளில்தான் ஒரே வாரத்தில் கூடு காலியாகிறது.

சிறுவிடைக்குப் போகிறவர்கள் சேவல் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். இருபது பெட்டைக்கு ஒரே சேவல் என்று வைத்தால், ஒவ்வொரு தலைமுறைக்கும் ரத்த நெருக்கம் சுமார் 13 சதவீதம் கூடும். அப்புறம் பொரியாத முட்டையும் நோஞ்சான் குஞ்சும் வரத் தொடங்கும். அதே இருபது பெட்டைக்கு மூன்று சேவல் வைத்தால் அது 5 சதவீதத்துக்குள் நிற்கும். ஒரு சேவல் போதுமே என்று வீட்டில் சொல்வார்கள், சண்டை போடுகிறது, தீனி வீண் என்பார்கள். மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அவற்றில் ஒன்றையாவது வேறு ஊர்ச் சேவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.